அடுப்படியில் ஐந்து பேர், கரையில் யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறையில் பிள்ளைகுட்டிகளோடு வந்து தங்கும் உறவினரை வார இறுதியில் எப்படி உபசரிப்பது என்று உங்கள் ஞாயிறு இணைப்பில் ஒரு முழுப் பக்கக் கட்டுரை வந்திருந்தது. ஊரிலிருக்கும் என் அண்ணி அதைப் படமெடுத்து அனுப்பியிருந்தார். வெள்ளிக்கிழமை இரவு முதல் ஞாயிறு மதியம் வரை எந்த வேளைக்கு என்ன பலகாரம் என்று பட்டியல் போட்டிருக்கிறீர்கள். எண்ணிப் பார்த்தேன், இருபத்திரண்டு வகை. மேசை விரிப்பு என்ன நிறத்தில் இருந்தால் எடுப்பாக இருக்கும் என்பது வரைக்கும் யோசனை உண்டு. வருகிற பிள்ளைகளைப் பற்றி மட்டும் ஒரே ஒரு வரி: குழந்தைகளுக்குத் தனியாக நூடுல்ஸ் செய்துவிடலாமாம்.

அந்த இருபத்திரண்டு வகையையும் செய்து முடிக்க வேண்டுமானால் வீட்டிலுள்ள பெண்கள் அத்தனை பேரும் அடுப்படியில்தான் நிற்க வேண்டும். ஆண்கள் வாசலில் நாற்காலி போட்டு அரசியல் பேசிக்கொண்டிருப்பார்கள். பிள்ளைகள் எங்கே என்று கேட்டால், ‘இப்போதுதானே இங்கே விளையாடிக்கொண்டிருந்தார்கள்’ என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். உங்கள் கட்டுரை விட்டுவிட்ட இந்த இடத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நான் மயிலாடுதுறைப் பக்கத்துப் பெண். மணமாகி மொரிஷியஸ் வந்து தலை நரைத்துவிட்டது. தீவின் தென்கிழக்கில் மாயேபூரில் இருக்கிறோம். உங்களுக்குக் கோடை தொடங்கும் நேரத்தில் எங்களுக்கு அது முடிகிறது. இங்கே நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை வெயில் காலம். மார்கழியில் விடியற்காலை கோலம் போட்டு நிமிர்வதற்குள் முதுகு நனைந்துவிடும். வந்த புதிதில் திருப்பாவை கேட்டுக்கொண்டே விசிறியால் வீசிக்கொள்வது எனக்கு விசித்திரமாக இருந்தது. ஜனவரி 1, 2 இரண்டு நாளும் இங்கே அரசு விடுமுறை. இந்த 2026இல் அவை வியாழனும் வெள்ளியுமாக வந்து, சனி ஞாயிறும் சேர்ந்து நான்கு நாள் ஆகிவிட்டது. கடலோரம் வீடு வைத்திருப்பவர்களுக்கு இதன் பொருள் தெரியும்.

இதே தீவிலுள்ள ரோஸ் ஹில்லிலிருந்து நாத்தனார், அவருடைய இரண்டு மகன்கள், மருமகள்கள், பேரப்பிள்ளைகள். ரீயூனியன் தீவிலிருந்து என் கணவரின் ஒன்றுவிட்ட தம்பி குடும்பம்; அவர்கள் பெயரில் தமிழ் இருக்கிறது, கோயிலில் தமிழ் இருக்கிறது, பேச்சில் இல்லை. சென்னையிலிருந்து என் அண்ணன் மகள், மாப்பிள்ளை, மூன்று வயதுப் பையன். போதாததற்கு இங்கேயே இன்னொரு ஊரான க்யூர்பிப்பிலிருந்து கணவரின் பழைய நண்பர் குடும்பம். பிள்ளைகள் மட்டும் ஏழு பேர். மூத்தவளுக்குப் பத்து வயது, கடைசிக்கு இன்னும் இரண்டு ஆகவில்லை.

இவ்வளவு பேருக்கும் நான் செய்த சமையலைச் சொன்னால் உங்கள் கட்டுரையாளர் முகம் சுளிப்பார். மீன் விந்தாய் ஒரு பெரிய ஜாடி. பலாப்பிஞ்சுக் கறி ஒரு சட்டி. பருப்பு, சோறு, தக்காளித் தொக்கு மாதிரி இங்கே செய்கிற ரூகாய். காலையில் பேக்கரி ரொட்டி. அவ்வளவுதான். இனிப்பு, பிரியாணி, பருப்புப் பூரி எல்லாம் வருகிறவர்கள் கொண்டு வந்தார்கள். ‘விருந்தாளியிடம் கொண்டு வா என்று கேட்பதா?’ என்று எங்கள் ஊரில் கேட்பார்கள். என் மாமியார் கூச்சமே இல்லாமல் கேட்பார். யார் எதைக் கொண்டு வர வேண்டும் என்று போனிலேயே பிரித்துக் கொடுத்துவிடுவார். முதல் வருடம் எனக்கு வெட்கமாக இருந்தது. பிறகு, கேட்டு வாங்கியவர்கள் வீட்டில்தான் வீட்டுக்காரியும் உட்கார்ந்து சாப்பிடுகிறாள் என்பதைக் கண்டுகொண்டேன்.

விந்தாயைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த நான்கு நாளையும் தாங்கியது அதுதான். சதைப்பற்றான மீனைத் துண்டு போட்டு, உப்பும் மஞ்சளும் தடவிப் பொரித்து எடுத்துவிட வேண்டும். அதே எண்ணெயில் சின்ன வெங்காயத்தையும் பூண்டுப் பற்களையும் முழுதாகவே போட்டு, நிறம் மாறாமல் லேசாக வதக்கி, மஞ்சள்தூள், ஒன்றிரண்டாக இடித்த கடுகு, கீறிய பச்சை மிளகாய், வினிகர் சேர்த்து, மீனை அதில் புரட்டி ஜாடியில் அடுக்க வேண்டும். இரண்டு நாள் ஊறினால்தான் ருசி. சூடு பண்ண வேண்டியதில்லை. பசித்தவர்கள் ரொட்டியைப் பிளந்து நடுவே வைத்துக்கொண்டு போகலாம். அடுப்பு பற்ற வைக்காமல் பதினைந்து பேர் மதியம் சாப்பிட்டார்கள் என்றால் அந்த நேரம் முழுவதும் பெண்கள் கரையில் இருந்தார்கள் என்று பொருள்.

டிசம்பர், ஜனவரி இங்கே லிச்சிப் பருவம். வருகிறவர்கள் எல்லாரும் கொத்துக் கொத்தாக வாங்கி வருவார்கள். இதில் ஒரு கண்டிப்பு வைத்திருக்கிறேன். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் கையில் முழு லிச்சி கொடுக்கக் கூடாது. வழுக்குகிற சதையும் உள்ளே வழுவழுப்பான கொட்டையும் சிறு தொண்டையை அடைக்கச் சரியான அளவில் இருக்கின்றன. ஒருவர் உட்கார்ந்து தோலுரித்து, கொட்டை நீக்கி, கீற்றாகக் கிழித்துக் கிண்ணத்தில் போட்டுத் தர வேண்டும். ஊரில் நுங்கை நீங்கள் அப்படித்தானே கொடுப்பீர்கள்? என் அண்ணன் மகளின் கணவர் இந்த வேலையை ஏற்றுக்கொண்டார். அவருடைய வெள்ளைச் சட்டையில் விழுந்த கறை இன்னும் போகவில்லையாம்.

இப்போது கடல். மாயேபூர்க் கரையில் குளிக்க வசதியில்லை. பக்கத்திலுள்ள ‘புளூ பே’ கடற்கரைக்குப் போவோம். பவளத்திட்டு அரண் போல நிற்பதால் அலை பெரிதாக வராது, கண்ணாடி போன்ற தண்ணீர். 2000இல் அதைக் கடற்பூங்காவாக அறிவித்தார்கள். குளிப்பதற்கென்று மிதவை கட்டி ஒதுக்கிய பகுதி உண்டு. அதற்கு வெளியே கண்ணாடி அடித்தளப் படகுகள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருக்கும். புதிதாக வருகிறவர்கள் இந்த அமைதியைப் பார்த்து, ‘குளம் மாதிரி அல்லவா இருக்கிறது’ என்று பிள்ளைகளை இறக்கி விட்டுவிடுவார்கள். குளத்திலும் ஆள் மூழ்குவது உண்டு என்பது அந்த நேரத்தில் யாருக்கும் நினைவு வருவதில்லை.

சினிமாவில் காட்டுவது போல மூழ்குகிற பிள்ளை கையை ஆட்டிக் கூச்சலிடுவதில்லை. மூச்சு வாங்கவே வாய் போதாதபோது கத்துவது எங்கே? பக்கத்தில் நிற்பவர் திரும்பிப் பேசிவிட்டுத் திரும்புவதற்குள் முடிந்துவிடும். உலக சுகாதார நிறுவனம் 2024 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கையின்படி, 2021இல் உலகம் முழுவதும் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள். அவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் ஐந்து வயது நிரம்பாத குழந்தை. இவர்களில் பெரும்பாலோரைச் சுற்றி ஆட்கள் இல்லாமலா இருந்திருப்பார்கள்? கூட்டம் பெருகப் பெருக, பார்க்கிற கண் குறைகிறது என்பதே என் எண்ணம். இரண்டு பேர் இருந்தால் ஒருவர் பார்ப்பார். இருபது பேர் இருந்தால் மற்றவர் பார்ப்பார் என்று இருபது பேரும் நினைப்பார்கள்.

அதற்காக எங்கள் வீட்டில் ஒரு தொப்பி இருக்கிறது. மாயேபூரில் திங்கட்கிழமை கூடும் சந்தையில் வாங்கிய அகலமான ஓலைத் தொப்பி; சிவப்புத் துணி சுற்றியது, தூரத்திலிருந்தே தெரியும். அதைத் தலையில் வைத்திருப்பவர் கரையில் தண்ணீருக்கு அருகே நிற்க வேண்டும். கையில் போன் இருக்கக் கூடாது, கிளாஸ் இருக்கக் கூடாது, இரும்புக் குண்டு வீசி ஆடும் பெத்தாங் ஆட்டத்தில் யார் ஜெயிக்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்கக் கூடாது. நீந்தத் தெரியாதவருக்குத் தொப்பி கிடையாது. இரண்டு வயதுக் குழந்தைக்கு இது போதாது. அதனோடு ஒருவர் தண்ணீரிலேயே, கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். அரை மணிக்கு ஒருமுறை ஆள் மாறும். மாறும்போது கொடுப்பவர் பிள்ளைகளை எண்ணிச் சொல்ல வேண்டும், வாங்குபவரும் எண்ணிச் சொல்ல வேண்டும். ‘ஏழு.’ ‘ஏழு.’ அதன் பிறகே தொப்பி கைமாறும். பஸ்ஸில் நடத்துநர் ஆள் எண்ணுவது போல இருக்கிறதே என்று ஒருவர் சிரித்தார். சிரிக்கட்டும்.

ஆண்கள்தான் முறுக்கிக்கொண்டார்கள். இங்கே புத்தாண்டு என்றால் சவுக்கு மரத்தடியில் கரி அடுப்பு, பீர், ரம், யாராவது ரவான் என்ற பறையைத் தட்டி, சேகா என்ற இந்த ஊர்ப் பாட்டைப் பாடுவது. பக்கத்தில் வாடகை பஸ்களில் வந்த குடும்பங்கள் ஆடிக்கொண்டிருக்கும்போது தண்ணீரையே வெறித்துக்கொண்டு நிற்க யாருக்குப் பிடிக்கும்? நாத்தனாரின் மூத்த மகன், ‘அத்தை, விடுமுறைக்கு வந்தோமா, டியூட்டிக்கு வந்தோமா?’ என்று கேட்டான்.

‘உன் மனைவியைக் கேள்’ என்றேன். ‘அவள் எந்த விடுமுறையில் டியூட்டி பார்க்காமல் இருந்தாள்?’

அவள் அப்போது சின்னதைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு பெரியதற்குத் தலை துவட்டிக்கொண்டிருந்தாள். அவன் தொப்பியை வாங்கிக்கொண்டான். அன்று மாலை அவனே இன்னொருவனிடம் போய், ‘உன் கிளாஸைக் கீழே வை, பிறகு தொப்பியைத் தொடு’ என்று அதட்டியதைக் கேட்டேன். அதிகாரம் கொஞ்சம் கையில் வந்தால் ஆண்கள் வேலையை ஒழுங்காகச் செய்வார்கள். இது கரையில் மட்டும் கண்ட உண்மை அல்ல.

இன்னொரு சிக்கல், பிறர் பிள்ளையை அதட்டுவது. நாத்தனார் பேரனை நான் ஒரு சொல் சொன்னால் அவர் முகம் சுருங்கும். என் அண்ணன் பேரனை அவர் சொன்னால் எனக்குச் சுருக்கென்று இருக்கும். இது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். முதல் நாளே எல்லாரையும் வைத்துக்கொண்டு சொல்லிவிட்டேன்: தண்ணீர், தீ, சாலை மூன்றிலும் யார் பிள்ளையை யாரும் அதட்டலாம், இழுத்து வரலாம், யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. சாப்பாடு, தூக்கம், படிப்பு இதில் பெற்றவர்களைத் தவிர யாரும் வாய் திறக்கக் கூடாது. ‘இவன் என்ன இப்படி இளைத்திருக்கிறான், சரியாகச் சாப்பிடுவதில்லையா?’ என்கிற கேள்விக்கு எங்கள் வீட்டில் நான்கு நாள் தடை. உண்மையைச் சொன்னால் அந்தத் தடையை மீறியவர் நாத்தனார் இல்லை, என் கணவர்.

பிள்ளைகள் காலில் கெட்டியான அடியுள்ள கடல் செருப்பு இல்லாமல் தண்ணீரில் இறங்க விடுவதில்லை. கடல் முள்ளெலி குத்தினால் வலிதான். ஆனால் கல்லோடு கல்லாகக் கிடக்கும் ‘லாஃப்’ என்ற மீனை மிதித்துவிட்டால் விஷம். அதற்கு முதலுதவி சுடுநீர்: பொறுக்கக்கூடிய அளவு சூட்டில் காலை அமிழ்த்தி வைத்து, உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். சூட்டைப் பெரியவர் தன் கையை விட்டுப் பார்த்த பிறகுதான் பிள்ளையின் காலை விட வேண்டும்; வலியில் துடிக்கும் குழந்தைக்குச் சூடு தெரியாமல் வெந்துவிடும். ஆகவே கரைக்குப் போகும்போது ஒரு பிளாஸ்க் சுடுநீர் எங்களோடு வரும். தேநீருக்கென்று யாராவது அதைத் திறந்தால் எனக்குப் பொல்லாத கோபம் வரும்.

சென்னையிலிருந்து வந்தவர்களுக்குத் தெற்கே ‘க்ரி க்ரி’ கடற்கரையைப் பார்க்க ஆசை. அழகான இடம்தான். பவளத்திட்டு அங்கே விலகிவிடுவதால் கடல் நேராகப் பாறையில் வந்து மோதும். மேலிருந்து பார்த்துவிட்டு, நாத்தனார் கொண்டு வந்த மரவள்ளிக்கிழங்கு பிஸ்கட்டைத் தின்றுவிட்டுத் திரும்பினோம். மாயேபூரில் 1870 முதல் ஒரே குடும்பம் செய்து வரும் பிஸ்கட் அது. பிள்ளைகளுக்குக் கடலைவிட அதுதான் பிடித்தது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெருமழை பெரும்பாலும் ஜனவரியில்தான் வலுக்கும் என்பதால் வருடக் கடைசியில் குழாய்த் தண்ணீர் இழுபறி. பதினைந்து பேர் மணலோடு வந்து குளியலறையில் நுழைந்தால் மாடித் தொட்டி ஒரே மாலையில் காலி. வாசலில் அண்டாவும் குவளையும் வைத்து, கால் கழுவாமல் யாரும் உள்ளே வரக் கூடாது என்று மூத்தவளைக் காவலுக்கு உட்கார வைத்தேன். அண்டாவுக்கு மூடி உண்டு, அதன் மேல் கல்லும் உண்டு. தவழ்கிற குழந்தை மூழ்க ஒரு வாளித் தண்ணீர் போதும். 2025இல் ரீயூனியனிலும் இங்கேயும் சிக்குன்குனியா பரவியதால் பூந்தொட்டித் தட்டுகளை எல்லாம் கவிழ்த்துவிட்டேன். அந்தக் கொசு பகலில் கடிக்கும். மத்தியானம் கூடத்தில் வரிசையாகப் பாய் விரித்து, ஒரே பெரிய கொசுவலைக்குள் ஏழு பிள்ளைகளையும் படுக்க வைத்தோம். தூங்கினார்களா என்று கேட்காதீர்கள். மூன்று மொழியில் சிரிப்புச் சத்தம் கேட்டது.

உங்கள் வாசகர்களுக்குப் பவளத்திட்டும் லாஃப் மீனும் எதற்கு என்று நினைக்கலாம். எங்கள் ஊரை நினைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். மே மாதம் பேரப்பிள்ளைகள் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் தாத்தா வீட்டுக்கு வருவார்கள். நகரத்துப் பிள்ளைகள், நீச்சல் தெரியாது. தோப்பில் கைப்பிடிச் சுவர் இடிந்த கிணறு இருக்கும். வயலில் புதிதாக வெட்டிய பண்ணைக்குட்டை இருக்கும்; சரிவான மண், ஏறப் பிடிப்பிருக்காது. மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12 வரை ஆற்றில் என்ன தண்ணீர் என்று பெரியவர்கள் அலட்சியமாக இருப்பார்கள். மணல் அள்ளிய குழியில் கோடை மழை நிறைந்து நிற்கும், மேலே பார்த்தால் ஆழம் தெரியாது. அந்த நேரத்தில் வீட்டுப் பெண்கள் பத்தொன்பதாவது பலகாரத்துக்கு மாவு பிசைந்துகொண்டிருப்பார்கள்.

ஆகவே ஒரு வேண்டுகோள். பள்ளிகள் திறப்பதற்குள் அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், பிள்ளைகளோடு விருந்தாளி வரும் வீட்டில் கிணற்றை எப்படி மூடுவது, குட்டையைச் சுற்றி எப்படி வேலி போடுவது, யார் எந்த நேரம் பார்த்துக்கொள்வது என்பதை எழுதச் சொல்லுங்கள். தீயணைப்புத் துறையில் பணியாற்றியவர் ஒருவரைக் கேட்டால் என்னைவிட நன்றாகச் சொல்வார். மேசை விரிப்பின் நிறத்தை அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம்.

விந்தாய் செய்து பார்க்க விரும்பும் வாசகர்களுக்கு ஒரு குறிப்பு: கடுகை மிக்சியில் நைசாக அரைத்துவிடாதீர்கள், கசந்துவிடும். வஞ்சிரம் சரியாக வரும். மத்தி வேண்டாம், உடைந்துபோகும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மாயேபூர், மொரிஷியஸ்